வெட்டியும் தானமும்



சென்ற மாதம் நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அன்று அதற்கு நாம் விடை பகரவில்லை. பகர இயலவும் இல்லை. பல நாட்கள் எண்ணிய பிறகு நமக்குத் தோன்றியதை இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

நமது குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியொன்றில் பணி புரிபவர், விடுமுறையில் வந்திருந்தார். நமது போதி மரத்தடிக்குச் செல்லும் குன்றுப் பாதை மழையால் அரிக்கப்பட்டுப் பள்ளமும் சரளையுமாய்க் கிடப்பதையும், முழங்கால் நோவுள்ள மூத்தோர் பௌர்ணமி வழிபாட்டிற்கு வருவதையே நிறுத்திவிட்டதையும் கண்டு அவர் மனம் வருந்தினார். கூட்டத்தில் எழுந்து, தாம் அந்நாட்டில் கண்டதையும் செய்ததையும் எடுத்துரைத்தார்.

கலிபோர்னியாவில் சியரா நெவாடா என்னும் மலைத்தொடரிலே யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அதைச் சூழ்ந்த மலையும் காடும் 1890 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. அங்கே எல் கேப்பிட்டன் என்னும் கருங்கற்பாறை, பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறத்தாழ 3,000 அடி செங்குத்தாக நிற்கின்றது. 1958 ஆம் ஆண்டில் முதன்முறையாக மனிதர் அதன் முகப்பின் வழியே ஏறி உச்சியை அடைந்தனர். அன்று முதல் உலகின் பல திசைகளிலிருந்தும் பாறையேறுவோர் அங்கே வந்து குழுமுகின்றனர்.

பாறையேறுவோன் கயிற்றையும் கொக்கியையும் சுமந்துகொண்டு சாலையிலிருந்து பாறையின் அடிவாரம் வரை நடந்தாக வேண்டும். அந்நடைபாதையைத் திட்டமிட்டு எவரும் அமைத்தாரில்லை. ஒருவன் சென்ற தடத்தில் மற்றொருவன் சென்றான். வளைந்து செல்லும் வழியைக் கண்டு பொறுமையற்றவன் குறுக்கே இறங்கினான். அவன் இறங்கிய தடத்தைக் கண்டு பத்துப் பேர் இறங்கினர். புல் மடிந்தது, மரத்தின் வேர் வெளிப்பட்டது. மழையும் பனிநீரும் அக்குறுக்குத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு மண்ணை அரித்துச் சென்றன. ஒரு பாதை இருந்த இடத்தில் ஐந்து பள்ளங்கள் உண்டாயின. தீய எண்ணம் கொண்டவர் அங்கே எவருமில்லை. ஆயினும் தீங்கு விளைந்தது. கவனமின்மை ஒன்றே அதற்குப் போதுமாயிருந்தது.

இதைக் கண்டு நாணிய பாறையேறுவோர் தாமே கை கொடுக்க முன்வந்தனர். பாறைத் தலங்களைக் காக்கவென்றே ஆக்செஸ் ஃபண்ட் என்னும் அமைப்பு அந்நாட்டில் 1991 ஆம் ஆண்டில் தோன்றியது. யோசெமிட்டியில் 2004 ஆம் ஆண்டில், கென் யேகர் என்னும் பாறையேறி முன்னின்று, பாறையேறுவோர் சங்கத்தின் வாயிலாகத் துப்புரவுப் பணியொன்றைத் தொடங்கினார். ஆண்டுக்கொரு முறை தொண்டர்கள் திரண்டு, பூங்காவின் ஊழியரோடு சேர்ந்து குப்பைகளை அகற்றுகின்றனர், தடங்களையும் செப்பனிடுகின்றனர்.

நமது இளைஞரும் அத்தகைய தொண்டர் குழுவொன்றில் சேர்ந்தார். வலைத்தொட்டிலில் ஒரு கல்லை ஏற்றி நால்வர் தூக்கினர். கடப்பாரையால் நெம்பி, குழி பறித்து, கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் அமருமாறு இட்டனர். அதன் மேல் நின்று ஆட்டிப் பார்த்தனர். இம்மியளவு ஆடினும் மீண்டும் எடுத்தனர். கீழ்ப்படியின் பின்விளிம்பின் மீது மேற்படியின் முன்விளிம்பு படியுமாறு அடுக்கினர். நீர் பாதை வழியே ஓடாதிருக்க, பாதையின் குறுக்கே சாய்வாகக் கற்களை வரிசையாய்ப் பதித்து நீரை ஒதுக்கி விட்டனர். குறுக்குத் தடங்களில் பட்ட கிளைகளைப் பரப்பி மூடினர். ஒரு நாள் முழுவதும் ஏழு பேர் உழைத்து நான்கு படிகளே முடிந்தன. அவ்வெழுவரில் ஒருவர் மருத்துவர், ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் தச்சர். எவருக்கும் கூலி இல்லை.

"ஐயா, நாமும் அவ்வாறே நமது குன்றுப் பாதையைச் செய்யலாமே" என்று அவர் முடித்தார்.

அப்பொழுது அவருடைய அன்னையார் எழுந்தார். அவர் கூறியதை அவ்வண்ணமே எழுதுகின்றோம்.

"ஐயா, நான் பதினாறு வயது முதல் சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமந்தவள். என் மாமனார் ஊரில் வெட்டி வேலை செய்தவர். அழைத்த குரலுக்குப் போக வேண்டும். கூலி என்று வாய் திறக்கக் கூடாது. இந்தப் பிள்ளையின் தலையில் சும்மாடு ஏறக் கூடாது என்றுதான் அரை வயிறு உண்டு படிக்க வைத்தோம். இவன் கடல் கடந்து போய், கூலியில்லாமல் கல் சுமந்தேன் என்று சிரித்துக்கொண்டு சொல்கிறான். நாங்கள் சுமந்தது போதாதா?"

மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. வழி செப்பனிட்ட பெரியோரின் கதைகள் நமக்குத் தெரியும். உடனே அவற்றுள் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆயினும் புண்பட்ட நெஞ்சிலிருந்து எழும் கேள்வியைக் கதை கூறி வாயடைத்தல் தம்மமன்று. ஆகவே வாளாவிருந்தோம்.

அன்பர்களே! அந்த அம்மையாரின் கேள்வி நமது வரலாற்றின் கேள்வி. ஊருக்கு வழி அமைத்தவர் எவர்? நம் முன்னோர். அவ்வழியில் நடக்கலாகாது என்று தடுக்கப்பட்டவர் எவர்? அவர்களே. 1924 ஆம் ஆண்டில் வைக்கத்தில் நடைபெற்ற கிளர்ச்சி எதற்காக? கோயிலுக்குள் நுழைவதற்காகவும் அன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக. 1927 ஆம் ஆண்டில் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் மகாத் நகரில் மக்களை அழைத்துச் சென்றது எதற்காக? பொதுக் குளத்தின் நீரை அருந்துவதற்காக. அடுத்த ஆண்டே, 1928 இல், மகார் மக்களை ஊர் ஊழியத்தில் பிணைத்து வைத்திருந்த பரம்பரை முறையைத் திருத்துதற்குப் பம்பாய்ச் சட்டசபையில் அவர் மசோதா கொணர்ந்தார். பின்னர் நமது அரசியலமைப்பின் 23 ஆம் பிரிவில் கட்டாய ஊழியம் குற்றமெனத் தடை செய்யப்பட்டது. இவ்வளவு போராடிப் பெற்ற விடுதலையை, "தொண்டு" என்னும் இனிய சொல்லுக்கு மயங்கி நாம் கைநழுவ விடலாமா? அம்மையாரின் அச்சம் நியாயமான அச்சம்.

எனினும் மற்றொரு புறமும் உண்டு. குலாவக ஜாதகத்தில் வரும் மகன் என்னும் இளைஞனின் வரலாற்றைக் கேளுங்கள். மகத நாட்டில் மசலம் என்னும் சிற்றூர். முப்பது குடும்பங்களே அங்கு வாழ்ந்தன. ஒரு நாள் ஊர்ப் பொதுவிடத்தில் மகன் தான் நிற்கும் இடத்துப் புழுதியைக் காலால் ஒதுக்கிச் சுத்தம் செய்தான். வேறொருவன் வந்து அவ்விடத்தில் நின்றுகொண்டான். மகன் சினந்தானில்லை, நகர்ந்து வேறிடத்தைச் சுத்தம் செய்தான். அதையும் ஒருவன் பிடித்துக்கொண்டான். இவ்வாறே சென்று, முடிவில் எல்லோருக்கும் இடம் செய்துவிட்டான். தான் செய்த இடத்தில் பிறர் இன்புறுவதைக் கண்டு அவனுக்கு உவகை பிறந்தது. பிறகு ஊரார் அனைவரும் அவனோடு சேர்ந்தனர். ஐந்து சீலங்களையும் காத்து, விடியலில் எழுந்து கோடரியும் தடியும் ஏந்திச் சென்று, வழியிலிருந்த கற்களைப் புரட்டித் தள்ளினர். வண்டியின் அச்சில் இடிக்கும் மரங்களை வெட்டினர். மேடு பள்ளங்களைச் சமன் செய்தனர். பாலமும் குளமும் அமைத்தனர்.

இதைக் கண்டு மகிழாதவன் ஒருவன் இருந்தான். அவன் ஊர்த் தலைவன். முன்பு மக்கள் குடித்துச் சண்டையிட்டபோது கள்ளின் வருவாயும் தண்டப் பணமும் அவனுக்குக் கிடைத்து வந்தன. மக்கள் நல்வழியில் ஒன்றுபட்டதும் அவ்வருவாய் நின்றது. அவன் அரசனிடம் சென்று இவர்களைக் கள்வர் என்றான். அரசன் யானையால் மிதிக்க ஆணையிட்டான். அவர்களோ பொய் சொன்னவனிடத்தும், அரசனிடத்தும், யானையிடத்தும், தம்மிடத்தும் ஒரே அளவான மைத்திரியைச் செலுத்திக் கிடந்தனர். யானை அணுகவில்லை. உண்மையை அறிந்த அரசன் அவர்களுக்கு அந்த யானையையும் அவ்வூரையுமே அளித்தான்.

இக்கதையில் நாம் நோக்க வேண்டுவது யானையின் அதிசயத்தை அன்று. எளியவர் தாமாக ஒன்றுகூடி ஒரு பொதுப்பணி செய்தால், அவர்களைப் பிரித்து வைத்துப் பிழைத்தவனுக்கு வயிறு எரிகின்றது. வெட்டி வேலையைக் கண்டு எந்த ஊர்த் தலைவனும் அஞ்சியதில்லை. மகன் செய்த வேலையைக் கண்டு அஞ்சினான். ஏன்? கல்லும் ஒன்றே, கடப்பாரையும் ஒன்றே. சுமப்பவனின் நிலை வேறு.

நமது பகவன் முற்பிறவியொன்றில் சுமேத முனிவராய் இருந்த வரலாறும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. தீபங்கர புத்தரின் வருகைக்காக ரம்ம நகரத்தார் வழி செப்பனிட்டபோது, சுமேதர் தமக்கும் ஒரு பங்கு கேட்டார். நீர் அரித்த சேற்றுப் பகுதியொன்று அவருக்குக் கிடைத்தது. தமது சித்தியின் வல்லமையால் அதை நொடியில் முடித்திருக்கலாம். அது தமக்கு நிறைவு தராது என்று எண்ணி, உடலால் உழைத்து மண் சுமந்து கொட்டினார். வேலை முடியுமுன் புத்தர் வந்துவிட்டார். எஞ்சிய சேற்றின் மேல் சுமேதர் தம் உடலையே கிடத்தினார். புத்தராகும் உறுதி, முடியாத ஒரு வழியின் சேற்றில்தான் பிறந்தது.

இவ்விரு புறங்களையும் எண்ணிப் பார்த்தோம். வெட்டி எது, தானம் எது என்று பிரித்தறிய மூன்று கேள்விகள் நமக்குத் தோன்றின.

முதற் கேள்வி: மறுக்க முடியுமா? மாட்டேன் என்று சொல்லி, அடி உதையின்றி, பழியின்றி வீட்டிற்குத் திரும்ப முடியுமானால், பிறகு செய்வது தானம். மறுக்க இயலாதவன் செய்வது எவ்வளவு புனிதமான பெயர் பெறினும் வெட்டியே. செயலின் சாரம் சேதனை, அதாவது உள்ளத்தின் எண்ணம் என்று பகவன் போதித்தார். எண்ணம் பறிக்கப்பட்டவனிடமிருந்து உழைப்பைப் பெறலாம். தானத்தைப் பெற முடியாது.

இரண்டாவது கேள்வி: அழைப்பவனும் சுமக்கின்றானா? குடையின் கீழ் நின்று தொண்டின் பெருமையைப் பேசுபவனை நம்பாதீர்கள். மகனின் கையில் கோடரி இருந்தது. சுமேதரின் தலையில் மண் இருந்தது.

மூன்றாவது கேள்வி: அமைத்தவன் அவ்வழியில் நடக்கலாமா? அவன் பிள்ளை நடக்கலாமா? அவன் பெயர் அங்கே நினைக்கப்படுமா?

இக்கேள்விகளை யோசெமிட்டிக்கே கேட்டுப் பார்ப்போம். இளைஞர் சேர்ந்து செய்த பணி மூன்றிலும் தேறுகின்றது. மறுக்கலாம், மருத்துவரும் சுமக்கின்றார், சுமந்தவர் நடக்கின்றார். ஆயின் அப்பள்ளத்தாக்கின் பழைய வழிகள் தேறவில்லை. 1851 ஆம் ஆண்டில் மாரிபோசா படை என்னும் ஆயுதக் கூட்டம் புகுந்து, அங்கே தலைமுறைகளாய் வாழ்ந்த அவானீச்சி என்னும் பழங்குடியினரை விரட்டியது. 1883 ஆம் ஆண்டில் அம்மலையில் 56 மைல் நீளமுள்ள சாலை 130 நாட்களில் போடப்பட்டது. போட்டவருள் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். அதற்கு முந்திய ஆண்டான 1882 இல்தான் சீனத் தொழிலாளர் அந்நாட்டிற்குள் வரலாகாது என்று சட்டம் செய்திருந்தனர். மலையைக் குடைந்து வழி கொடுத்தவனுக்கு நாட்டின் வாயில் அடைக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டில்தான் அப்பூங்காவில், சீனர் வேலை செய்த பழைய சலவைக் கூடமொன்றில் அவர்களுடைய வரலாறு காட்சியாக வைக்கப்பட்டது. இதைக் கேட்கும்போது அயலார் கதையாகவா தோன்றுகின்றது? நமது கதையே வேறு மொழியில் சொல்லப்பட்டாற்போல் இருக்கின்றதன்றோ!

ஆகவே நமது சங்கத்தார்க்கு உறுதியாய்க் கூறுகின்றோம். பிழைப்பிற்காகச் செய்யும் வேலைக்கு முழுக்கூலி கேளுங்கள். அது உங்கள் உரிமை. நம்மவரை மட்டும் அழைத்து, சேவை என்று பெயரிட்டு, மலக்குழியில் இறங்கச் சொல்பவர் எவராயினும் மறுத்துவிடுங்கள். 2013 ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தடுக்கின்றது, தம்மமும் தடுக்கின்றது. அந்த மறுப்பும் ஒரு புண்ணியமே. மறுக்கக் கற்றவனே கொடுக்கத் தகுதி பெறுகின்றான். நம் பாட்டனார்க்கு மறுக்கும் உரிமை இல்லை. ஆகவே கொடுக்கும் இன்பமும் அவருக்கு மறுக்கப்பட்டது. அவரிடமிருந்து பறிக்கப்பட்டவை இரண்டு. ஒன்றை மீட்டோம். மற்றொன்றை மீட்க வேண்டாமா? கொடுப்பது செல்வர்க்கும் மேற்குலத்தார்க்கும் மட்டும் உரியதென்று விட்டுவிட்டால், பாதி விடுதலையோடு நின்றவராவோம்.

மேலும் ஒன்று. வழியென்பது ஒருமுறை செய்து முடிப்பதன்று. இவ்வாண்டு இட்ட கல்லை அடுத்த மழை அசைக்கும். அநித்தியம் என்பதை நூலில் படிப்பதைவிட அரித்துப்போன பாதையில் நன்றாய்க் காணலாம். சீலமும் அத்தகையதே. நீரை ஒதுக்கும் சாய்வுக் கல்லைப்போல அது மனத்தின் குறுக்கே நின்று சினத்தையும் ஆசையையும் புறத்தே திருப்புகின்றது. கல்லின் பின்னே வண்டல் சேர்ந்துவிட்டால் நீர் அதன் மேலேறிப் பாயும். ஆகவே வண்டலை அடிக்கடி அள்ள வேண்டும். ஐந்து சீலங்களை ஒரு நாள் ஏற்றுக்கொண்டோம், போதும் என்றிருப்பவன், கல்லைப் பதித்துவிட்டு வண்டலை அள்ளாதவன் ஆவான்.

நாம் பஞ்சாலையில் நின்ற காலத்தில், ஷிப்டு முடியுமுன் இயந்திரத்தில் படிந்த பஞ்சைத் துடைத்து, அறுந்த இழைகளை முடிந்துவிட்டுப் போகும் தோழர்கள் சிலர் இருந்தனர். அடுத்து வருபவன் யாரென்று அவர்கள் பார்த்ததில்லை. வருபவன் அல்லல்படக் கூடாது என்பதே அவர்கள் எண்ணம். புத்தகம் படிக்குமுன்னரே நாம் கண்ட தம்மம் அது.

இவற்றையெல்லாம் அந்த அம்மையாரின் இல்லத்திற்குச் சென்று கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனை அழைத்து, "நீ வைத்த கல்லைக் காட்டு" என்றார். இளைஞர் தமது கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினார். அம்மையார் கூர்ந்து நோக்கி, "இந்த இரண்டாவது கல்லின் வாட்டம் சரியில்லை. முன்புறம் சற்றே தாழ வேண்டும், இல்லையேல் படியில் நீர் நிற்கும்" என்றார். இளைஞர் வியந்து, "அம்மா, அங்கிருந்த மேற்பார்வையாளரும் அதையே சொல்லி, அந்தக் கல்லை மறுபடி எடுக்க வைத்தார்" என்றார். அம்மையாரின் முகத்தில் அன்றுதான் புன்னகை கண்டோம். "நாற்பது வருஷம் சுமந்தேன், ஒருவரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை" என்றார்.

அன்பர்களே! அவ்வொரு சொல்லில் நமது உரை முழுவதும் அடங்கிற்று. வெட்டியில் முதுகு மட்டும் கேட்கப்படும். தானத்தில் அறிவும் கேட்கப்படும்.

வருகின்ற பௌர்ணமிக்கு முந்திய ஞாயிறன்று காலை ஆறு மணிக்குக் குன்றின் அடிவாரத்தில் கூடுவோம். கடப்பாரை, மண்வெட்டி, கூடை உள்ளோர் கொணர்க. வர இயலாதவரை எவரும் குறை கூறலாகாது. வர விரும்பாதவரைக் காரணம் கேட்கலாகாது. சங்கத் தலைவரும் செயலாளரும் நாமும் முதற்கல்லைச் சுமப்போம். கல்லின் வாட்டம் பார்ப்பவர் அந்த அம்மையார், மேஸ்திரி அவரே. அவர் எடு என்றால் எடுப்போம். வை என்றால் வைப்போம். ஒரு நாளில் நான்கு படிகளே முடியினும் குறையில்லை. அடுத்த மாதம் மற்றொரு நான்கு. முழங்கால் நோவுள்ள நமது மூத்தோர் ஒருவரேனும் அப்படிகளில் ஏறிப் போதி மரத்தடியில் அமரும் நாளில், நம் பாட்டன்மார் வழியமைத்து நடக்க முடியாத வழிகளின் கணக்கில் ஒன்று நேராகும்.

அனைத்துயிரும் நலம் பெறுக. தம்மம் தழைக்க.